ஒரு தீவின் பெயர் போன தூரம்: மென்னோனைட் உழவர்களின் புலப்பெயர்வு குறித்து

தினீப்பர் ஆற்றின் நடுவில், இன்றைய உக்ரைனின் ஸப்போரிஷியா நகரை ஒட்டி, ஹோர்த்தித்சியா என்றொரு தீவு இருக்கிறது. கொசாக்கியரின் பழைய வீரக் கதைகளோடு சேர்த்தே அந்நாட்டார் அதை நினைப்பர். அங்கிருந்து பல்லாயிரம் கல் தொலைவில், தென்னமெரிக்கப் பராகுவேயின் வடமேற்கே, சாக்கோ எனப்படும் வறண்ட முட்காட்டின் நடுவில், லோமா பிளாட்டா என்ற சிறு நகரில் ஒரு கூட்டுறவுச் சங்கம் உள்ளது. பாலும் இறைச்சியும் நிலக்கடலையும் அதன் வணிகம். சங்கத்தின் பெயர் 'கோர்ட்டிட்சர்'. தீவின் பெயரை ஜெர்மானிய நாவு உச்சரித்த வகை அது.

தீவை ஒட்டி 1789-இல் எழுந்த குடியேற்றத்துக்குக் கோர்ட்டிட்சா என்று பெயர். அதன் வழிவந்தோர் 1874-இல் கனடாவின் மானிட்டோபாவுக்குப் போனபோது அங்கே ஓர் ஊருக்குக் கோர்ட்டிட்ஸ் என்று பெயரிட்டனர். அவ்வூரில் அவர்களுடைய சபை மூப்பர் குடியிருந்ததால் சபைக்கே அப்பெயர் ஒட்டிக்கொண்டது. அச்சபையாரில் ஒரு பகுதியினர் 1926-இல் பராகுவேக்குக் கப்பலேறினர். பெயரும் உடன் ஏறிற்று. ஆற்றையோ தீவையோ கனவிலும் கண்டிராதவர்கள் இன்று அப்பெயர் அச்சிட்ட ரசீதில் கையொப்பம் இடுகிறார்கள்.

மென்னோனைட் என்ற சொல் நம் வாசகர்களுக்கு முற்றிலும் புதிதாக இராது. அண்டைத் தெலுங்கு நாட்டில், நல்கொண்டா, மகபூப்நகர்ப் பகுதிகளில் அப்பெயர் தாங்கிய திருச்சபைகள் உண்டு. தென்ருஷ்யாவின் மோலோச்னா குடியேற்றத்திலிருந்து ஆபிரகாம் ஃப்ரீசன் என்பவர் தம் மனைவியோடு 1889-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியா வந்ததில் தொடங்குகிறது அந்தக் கதை. ருஷ்யப் புல்வெளியில் விளைந்த கோதுமையின் பணம் தக்காணத்துக் கருங்கல் பூமியில் கோயிலும் மருத்துவமனையும் ஆன வரலாறு தனியே எழுதத்தக்கது. இங்கே நாம் பேச வந்தது அந்தக் கோதுமையைப் பற்றி. அதை விளைவித்தவர்கள் நிலம் விட்டு நிலம் பெயர்ந்தபோது எதை மாற்றிக்கொண்டார்கள், எதை விடாது பற்றிக்கொண்டார்கள் என்பதைப் பற்றி.

தொடக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1525-இல் சூரிச் நகரில் சிலர், குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது, விவரம் அறிந்த வயதில் தானே கேட்டுப் பெறுவதே மெய்யானது என்று அறிவித்துத் தமக்குள் மறுபடியும் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டனர். ஆயுதம் ஏந்தோம், சத்தியப் பிரமாணம் செய்யோம் என்பவையும் விரைவில் சேர்ந்துகொண்டன. பிறந்த உடனேயே குடிமகனும் கிறித்தவனுமாகப் பதிவாகிவிடும் ஓர் அமைப்பில் இம்மூன்று மறுப்புகளும் அரச துரோகத்துக்குச் சமம். 1527-இல் ஃபெலிக்ஸ் மான்ஸ் என்பவரைச் சூரிச்சில் ஆற்றில் அமிழ்த்திக் கொன்றார்கள். தண்ணீரை விரும்பியவனுக்குத் தண்ணீராலேயே தண்டனை என்ற குரூரமான வேடிக்கை அதில் இருந்தது. ஃப்ரீஸ்லாந்தில் கத்தோலிக்கக் குருவாக இருந்து 1536-இல் பதவியைத் துறந்த மென்னோ சீமன்ஸ், சிதறிக் கிடந்தவர்களைத் திரட்டினார். அவர் பெயரே இயக்கத்தின் பெயராயிற்று.

நெதர்லாந்திலிருந்து துரத்தப்பட்டோர் டான்ஸிக் நகரைச் சுற்றிய விஸ்துலா ஆற்றுக் கழிமுகத்துக்குச் சென்றனர். கடல்மட்டத்துக்குத் தாழ்ந்த சதுப்பு அது. அணைகட்டி, வாய்க்கால் வெட்டி, காற்றாலை வைத்து நீரிறைத்து நிலம் மீட்கும் வித்தையை டச்சுக்காரர்கள் தாய்ப்பாலோடு கற்றிருந்தார்கள். சதுப்பை வயலாக்கத் தெரிந்தவன் எப்போது ஞானஸ்நானம் பெற்றால் என்ன என்று அங்கிருந்த நிலப்பிரபுக்களும் கண்ணை மூடிக்கொண்டார்கள். பிறகு நானூறு ஆண்டுகள் பல நாடுகளில் திரும்பத் திரும்ப எழுதப்பட்ட ஒப்பந்தத்தின் மூலப்படி இங்கேதான் உருவாயிற்று: பயனற்றதென்று நீங்கள் ஒதுக்கிய நிலத்தை நாங்கள் விளைநிலமாக்குகிறோம், பதிலுக்கு எங்களைப் படைக்கு அழைக்காதீர்கள், எங்கள் பிள்ளைகளை எங்கள் மொழியில் நாங்களே படிப்பித்துக்கொள்ள விடுங்கள். இதை எழுதிக் கொடுக்கும் தாளுக்கு அவர்கள் 'பிரிவிலேகியும்' என்று பெயர் வைத்திருந்தனர். நாம் பட்டயம் என்போம். ஒவ்வொரு புலப்பெயர்வும் ஒரு பட்டயத்தில் தொடங்கி, அந்தப் பட்டயம் செல்லாக் காசானதில் முடிந்தது.

பிரஷ்யாவில் மென்னோனைட்டுகள் மேலும் நிலம் வாங்குவதற்குக் கட்டுப்பாடுகள் வந்தன. நிலம் கூடினால் படையாள் குறைவான் என்பது அரசனின் கணக்கு. அதே வேளையில் ருஷ்யப் பேரரசி இரண்டாம் காத்தரீன், துருக்கியரிடமிருந்து கைப்பற்றிய தென்புல்வெளியில் குடியேற ஆள் தேடிக்கொண்டிருந்தாள். கொசாக்கியரின் தலைமைக் கோட்டையை 1775-இல் அவளுடைய படை தரைமட்டமாக்கியிருந்தது. கொசாக்கியரின் அந்தப் பழைய நிலப்பகுதிக்குத்தான் 1789-இல் 228 குடும்பங்கள் வந்திறங்கின. குடும்பம் ஒன்றுக்கு 65 டெஸ்யாட்டின், அதாவது ஏறத்தாழ 175 ஏக்கர். 1800-இல் பேரரசன் பவுல் பட்டயத்தை உறுதிசெய்து கொடுத்தான். நம் கல்வெட்டுகளில் சந்திரரும் சூரியரும் உள்ளவரை என்று எழுதுவார்களே, அதுபோல என்றென்றைக்குமான பட்டயம் அது. 1804-இல் மோலோச்னா ஆற்றங்கரையில் இரண்டாவது பெருங்குடியேற்றம் எழுந்தது.

மோலோச்னாவை நினைத்தால் யோஹான் கோர்னீஸை (1789–1848) விட்டுவிட்டுப் பேச முடியாது. சபையில் எந்தப் பதவியும் வகிக்காத இம்மனிதர் வேளாண் சங்கம் ஒன்றின் தலைவராக இருந்துகொண்டு ஒரு சமூகத்தையே உலுக்கி எடுத்தார். மெரினோ செம்மறியாடு, நான்கு வயல் சுழற்சி, ஈரம் காக்கும் உழவுத்தரிசு, மல்பெரித் தோட்டம், வீட்டுக்கு இத்தனை மரம் என்ற கணக்கு என்று அவர் கைவைக்காத துறை இல்லை. உழவில் அசட்டையாக இருந்தவனின் பண்ணை பறிபோகவும் கூடும். எதிர்த்து நின்ற சபை மூப்பர் யாக்கோப் வார்க்கெண்டினை 1842-இல் ருஷ்ய அதிகாரிகள் பதவி நீக்கினர். உலக அரசிலிருந்து விலகி வாழ்வதாகச் சொன்ன சமூகத்தில், அரசின் கையைக் கொண்டே சபையின் கை முறுக்கப்பட்டது. கோர்னீஸின் பெயரைச் சொன்னால் இன்றும் அவ்வழியினரிடையே பாராட்டும் முகச்சுளிப்பும் சேர்ந்தே வரும்.

இங்கே இன்னொன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தப் புல்வெளி வெறும் வெளியன்று. நோகாய் என்னும் முஸ்லிம் மேய்ச்சல் குடியினர் அங்கே இருந்தார்கள். கோர்னீஸ் அவர்களுக்கென்று முன்மாதிரிக் கிராமம்கூட அமைத்துக் கொடுத்தார்; பலர் மென்னோனைட் பண்ணைகளில் கூலியாயினர். 1860-இல் நோகாய் மக்கள் திரளாக எழுந்து துருக்கிய நாட்டுக்குப் போய்விட்டார்கள். குடியேறியவர்களின் நினைவேடுகளில் இது ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது.

பணம் வந்தது. பெர்தியான்ஸ்க் துறைமுகம் வழியாகக் கோதுமை ஏற்றுமதி ஆனபோது ஆட்டு மந்தைகள் சுருங்கி ஏர் பெருகிற்று. கூடவே உள்ளே ஒரு விரிசலும் வந்தது. அரசின் விதிப்படி பண்ணையைத் துண்டாக்கக் கூடாது. சபையின் மரபுப்படி ஆணுக்கும் பெண்ணுக்கும் சமபங்கு. இரண்டும் எப்படி ஒத்துப்போகும்? ஒரு பிள்ளை நிலத்தை எடுத்துக்கொண்டு மற்றவர் பங்கைப் பணமாகக் கொடுக்க வேண்டும். தந்தையிழந்த சிறுவரின் பங்கைக் காக்க 'வைஸன்அம்ட்' என்னும் அனாதைப் பணக் காப்பகம் குடியேற்றங்களில் இருந்தது. நடைமுறையில் அதுவே அவர்களின் வங்கி. ஆனால் பிள்ளைகள் பெருகும் வேகத்தில் நிலம் பெருகவில்லை. 1860-களில் மோலோச்னாவில் பெரும்பான்மைக் குடும்பங்களுக்கு நிலமில்லை. முழுப் பண்ணை உடையவனுக்கே ஊர்க்கூட்டத்தில் வாக்கு என்பதால், நிலமில்லாதவன் தன் குறையை எடுத்துச் சொல்லவும் வழியில்லை. சகோதரத்துவம் பேசிய ஊரில் சகோதரன் சகோதரனுக்குக் குத்தகைக்காரனானான். கடைசியில் அரசே தலையிட்டு 1866-இல் பண்ணைகளைப் பிரிக்க இடம் கொடுத்தது. பொதுப்பணத்தில் புதுநிலம் வாங்கி இளையோரைக் குடியேற்றும் 'மகள் குடியேற்றம்' என்ற முறை அதன் பின்னர் வலுப்பெற்றது. அவர்கள் பின்னாளில் எங்கு போனாலும், பிள்ளைகளின் தலைமுறைக்கு நிலம் பார்ப்பது சமூகத்தின் முதற்கடமை என்ற எண்ணம் கூடவே போயிற்று. அவர்களின் ஆக்கத்துக்கும், பிறருக்கு அவர்களால் நேர்ந்த அழிவுக்கும் அதுவே ஊற்றுக்கண் என்பது நம் கருத்து.

1870-களில் ருஷ்யப் பேரரசு எல்லாருக்கும் பொதுவான சட்டம் என்று முடிவெடுத்தது. 1874-இல் கட்டாயப் படைச்சேவை வந்தது. சந்திரரும் சூரியரும் இருந்தார்கள், பட்டயம் இல்லை. 1873-இல் பன்னிரண்டு தூதர்கள் வட அமெரிக்கா சென்று நிலம் பார்த்து வந்தனர். உழைப்பாளிகளை இழக்க மனமில்லாத அரசு, தளபதி டோட்லேபனை அனுப்பிச் சமரசம் பேசியது. படைக்குப் பதில் காட்டுப் பணி என்ற மாற்று கிடைத்தது. பெரும்பான்மையினர் அதை ஏற்றுத் தங்கினர். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், சுமார் 18,000 பேர், கிளம்பினர்.

அவர்களிலும் இரு பிரிவு. அமெரிக்க ஐக்கிய நாடு எழுத்தில் எதையும் உறுதியளிக்கவில்லை. ஆனால் கன்சாஸில் நல்ல மண்ணும் ரயில்பாதையும் இருந்தன. கனடா எழுதிக் கொடுத்தது. ஆனால் குளிர் கொல்லும். நிலத்தை நம்பியவன் கன்சாஸுக்கும் தாளை நம்பியவன் மானிட்டோபாவுக்கும் போனான் என்று சற்று மிகைப்படுத்திச் சொல்லலாம். கன்சாஸுக்கு அவர்கள் கொண்டுசென்ற 'துருக்கிச் சிவப்பு' என்னும் குளிர்காலக் கோதுமை பின்னர் அச்சமவெளியின் முதன்மைப் பயிராயிற்று. சிறுமிகள் ஒவ்வொரு மணியாகப் பொறுக்கிப் பெட்டியில் இட்டார்கள் என்ற அழகான கதை ஒன்று உண்டு. வரலாற்றாளர்கள் அதை ஐயுறுகிறார்கள். மாவாலை முதலாளி பெர்ன்ஹார்ட் வார்க்கெண்டின் பின்னாளில் பெருமளவில் விதை தருவித்ததே அப்பயிர் பரவக் காரணம் என்பது பொருத்தமாகப் படுகிறது. கதைகளுக்குச் சிறுமிகள் தேவை; வயல்களுக்கு மூட்டைகள் தேவை.

மானிட்டோபாதான் நமக்கு முக்கியம். கனடிய அரசின் நில அளவை சதுரம் சதுரமானது. ஒவ்வொருவனுக்கும் 160 ஏக்கர். அவனவன் சதுரத்தில் அவனவன் வீடு. அண்டை வீடு அரைக் கல் தொலைவில். மென்னோனைட்டுகளுக்கோ நீண்ட ஒற்றைத் தெரு, இருமருங்கும் தொழுவத்தோடு ஒட்டிய வீடு, நடுவில் பள்ளி, வெளியே பொதுமேய்ச்சல் என்பதே ஊர். எனவே அவரவர் பெயரில் பதிவான சதுரங்களை ஒன்றாகக் கூட்டித் தம் முறைப்படி தெருவும் வயல்துண்டுகளும் வகுத்துக்கொண்டார்கள். மரமில்லாத சமவெளியில் குடியிருக்க முடியாது என்று பிறர் ஒதுங்கிய வேளையில், சாணமும் வைக்கோலும் எரித்துக் குளிர் தாண்டக் கற்றிருந்த இவர்கள் அங்கே காலூன்றினர்.

ஆனால் சட்டத்தின் கண்ணில் நிலம் தனியனுடையதாகவே இருந்தது. ஊர் என்பது வாய்ச்சொல் உடன்பாடு. நல்ல மண்ணுள்ள சதுரம் தன் பெயரில் இருப்பவன் ஒருநாள், என் நிலத்தை எனக்குத் தா, நான் தனியே போகிறேன் என்றால் தடுக்க யாராலும் முடியாது. சபை அவனை விலக்கிவைக்கலாம். அவனோடு உண்ணாமல் இருக்கலாம். வேலியைத் தடுக்க முடியாது. ஒருவன் போனால் வயல் வகுப்பு குலையும். நால்வர் போனால் ஊரே இல்லை. இப்படியே பல தெருவூர்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. படையும் சிறையும் செய்ய முடியாததை நிலப்பதிவேட்டின் ஒரு வரி செய்தது. ருஷ்யாவில் நிலமில்லாமை பிளந்தது. கனடாவில் நிலவுடைமை பிளந்தது.

பள்ளி விஷயத்திலும் தாள் ஏமாற்றியது. கல்வி மாகாணத்தின் அதிகாரம். மைய அரசு கொடுத்த வாக்கு அதைக் கட்டுப்படுத்தாது. முதல் உலகப்போரின் நடுவே, 1916-இல், மானிட்டோபா ஆங்கிலத்தை மட்டுமே பயிற்று மொழியாக்கிற்று. பிள்ளைகளை அனுப்பாத பெற்றோர்க்கு அபராதம் விழுந்தது. சிலர் சிறை சென்றனர். மறுபடியும் தூதர்கள் கிளம்பினர். 1921-இல் மெக்சிகோ அதிபர் ஆல்வரோ ஒப்ரெகோன் கையெழுத்திட்டுக் கொடுத்தார்; அதே ஆண்டு ஜூலையில் பராகுவே 514-ஆம் எண் சட்டத்தை இயற்றியது. பழைய பட்டயத்தின் சரத்துகளெல்லாம் அதில் இருந்தன: படைவிலக்கு, சொந்தப் பள்ளி, சொந்தமொழி, வாரிசுச் சொத்தைத் தாமே நிர்வகிக்கும் உரிமை.

1922-இலிருந்து மெக்சிகோவின் சிவாவா மாநிலத்துக்குப் போனவர்களைப் பற்றி ஒரு பத்தி போதும். கனடியக் கோதுமை அங்கே சரிப்படவில்லை. மக்காச்சோளமும் அவரையும் ஓட்ஸும் கற்றுக்கொண்டனர். மிஞ்சிய பாலில் செய்த பாலாடைக்கட்டி 'கேசோ மெனொனீத்தா' என்று மெக்சிகோ முழுதும் புகழ்பெற்றது. அங்குள்ள பழைமைப் பிரிவினர் டிராக்டரை ஏற்றனர். ரப்பர்ச் சக்கரத்தை ஏற்கவில்லை, இரும்புச் சக்கரமே மாட்டினர். வெளியாருக்கு இது கிறுக்குத்தனமாகத் தோன்றும். காரணம் தெளிவானது: இரும்புச் சக்கர வண்டி வயலுக்குப் போகும், ரப்பர்ச் சக்கர வண்டி நகரத்துக்கும் போகும். இயந்திரத்தை அல்ல, அது திறந்துவிடும் சாலையையே அவர்கள் அஞ்சினார்கள். ரப்பர் அனுமதிக்கப்பட்டபோது, அனுமதியாதவர்கள் 1960-களின் இறுதியில் பொலிவியாவுக்குக் கிளம்பினார்கள்.

பராகுவேக் கதை வேறு மாதிரி. கனடாவிலிருந்து 1,700-க்கும் மேற்பட்டோர் புறப்பட்டனர். முதற்குழு 1926-ஆம் ஆண்டின் கடைசி நாளன்று பராகுவே ஆற்றங்கரையில் புவேர்ட்டோ கசாடோ என்ற துறையில் இறங்கியது. அவர்கள் பணம் கொடுத்த நிலம் இன்னும் அளக்கப்படவேயில்லை. ஓராண்டுக்கு மேல் கூடாரங்களில் காத்துக்கிடந்தனர். குளிர்நாட்டுக் குடும்பங்கள், கோடை, டைஃபாய்டு. நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கேயே மாண்டனர், பெரும்பகுதி குழந்தைகள். முந்நூறுக்கும் மேற்பட்டோர் கனடாவுக்கே திரும்பிவிட்டனர். எஞ்சியவர்கள் மாட்டு வண்டிகளில் மேற்கே போய் 1927–28-இல் அமைத்ததுதான் மென்னோ குடியேற்றம்.

மூன்று ஆண்டுகள் கழித்து அவர்களுக்கு அண்டையர் வந்தனர். ருஷ்யாவில் தங்கிவிட்ட அதே வம்சத்தார்! உள்நாட்டுப் போரில் மஹ்னோவின் படைகளால் ஊர் ஊராகக் கொல்லப்பட்டு, அந்நாளில் இளைஞர் சிலர் கொள்கையை மீறித் துப்பாக்கி ஏந்தி, பஞ்சத்தில் வாடி, 'குலாக்' என்று முத்திரை குத்தப்பட்டவர்கள். 1929 இலையுதிர் காலத்தில் சுமார் 13,000 பேர் மாஸ்கோவின் புறநகரில் குழுமி வெளியேற அனுமதி கேட்டார்கள். ஏறத்தாழ 5,700 பேருக்கே அது கிட்டியது; மற்றவர் சரக்கு ரயில்களில் திருப்பி அனுப்பப்பட்டனர். ஜெர்மனி தற்காலிக நிழல் கொடுத்தது. கனடா பெரும்பாலோருக்குக் கதவை மூடியது. பராகுவே மட்டும் நோயாளி, முதியவர் என்று பாராமல் எடுத்துக்கொண்டது. 1930-இல் அவர்கள் நிறுவிய குடியேற்றத்தின் பெயர் ஃபெர்ன்ஹைம். 'தொலைவீடு' என்று பொருள். 1930 டிசம்பரில் சைபீரிய ஊர் ஒன்றின் மக்கள் இரவோடிரவாக உறைந்த அமூர் ஆற்றைச் சறுக்குவண்டிகளில் கடந்து சீனத்துக்குள் புகுந்து, ஹார்பின் வழியாக இங்கே வந்து சேர்ந்த கதையும் உண்டு.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குடியேற்றங்கள். ஒரே கீழ்ஜெர்மன் பேச்சு, ஒரே குடும்பப் பெயர்கள். ஆயினும் மென்னோவினர் விரும்பி வந்தவர்கள். ஃபெர்ன்ஹைமினர் வேறு கதியின்றி வந்தவர்கள். மென்னோவினருக்கு இந்தத் தனிமை வரம், ஃபெர்ன்ஹைமினருக்குச் சாபம். இவர்கள் வந்த கையோடு பத்திரிகை தொடங்கினர், மேனிலைப்பள்ளி தொடங்கினர். 1930-களில் ஜெர்மானிய நாஜி இயக்கத்தின் மீது மயக்கமும் கொண்டனர், அதனால் 1944-இல் தமக்குள் அடிதடி வரை போயினர். நாட்டற்றவனுக்கு யாரேனும் 'நீ எங்களவன்' என்றால் அவன் எப்படி இளகுவான் என்பதற்கு அது சான்று. ஜெர்மனியை ஒருநாளும் தம் நாடாக எண்ணியிராத மென்னோவினரை அந்த மயக்கம் பெரிதும் தீண்டவில்லை. 1947-இல் மூன்றாவதாக வந்த நோய்லாண்டில், ஆடவரை ஸ்டாலின் சிறைகளுக்கும் போருக்கும் பறிகொடுத்த பெண்கள் மிகுதி. அங்கே ஃப்ரீடன்ஸ்ஹைம் என்ற ஊருக்குப் 'பெண்களூர்' என்றே பெயர். காடு வெட்டியதும் கிணறு தோண்டியதும் வீடு கட்டியதும் அவர்களே.

சாக்கோவில் கோதுமை விளையாது. தலைமுறை தலைமுறையாகக் கோதுமை ரொட்டியே உணவு, கோதுமையே செல்வம் என்றிருந்தவர்கள் மரவள்ளிக்கும் சோளத்துக்கும் நிலக்கடலைக்கும் பழகினர். நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. நல்ல நீர் எங்கே ஊறும் என்று அறிந்திருந்தவர்கள் எண்லெத் என்னும் பழங்குடியினர். புதியவர்கள் ஊரமைக்கத் தேர்ந்த புல்தரைகளும் அம்மக்கள் தலைமுறைகளாகத் தங்கி வந்த இடங்களே. 1932 முதல் 1935 வரை பராகுவேயும் பொலிவியாவும் இதே காட்டுக்காகப் போரிட்டன. ஆயுதம் தொடாதவர்களின் முற்றத்தில் படைகள் நடந்தன. அவர்கள் விளைவித்ததைப் படையினர் வாங்கினர். குடியேறியோருக்கு முதன்முதலில் கிடைத்த சந்தை அந்தப் போர் என்பதை அவர்களே மறைக்காமல் சொல்கிறார்கள்.

முப்பது ஆண்டுகள் வறுமை. தலைநகர் அசுன்சியோனிலிருந்து வரும் சாலை 1961-இல் நிறைவுற்ற பிறகே நிலை மாறியது. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பஃபெல் புல் மேய்ச்சலை மாற்றியது. பால் வண்டிகள் தெற்கே ஓடின. தனித்தனியாகக் கனடியன் போலப் போட்டியிடாமல் எல்லாவற்றையும் கூட்டுறவின் வழியே வாங்கி விற்றனர். மருத்துவமனையும் பள்ளியும் சாலையும் உறுப்பினர்கள் குடியேற்றத்துக்குச் செலுத்தும் பணத்தில் நடந்தன. மானிட்டோபாவில் கலைந்த ஊர்க்கட்டுமானம் இங்கே நிலைத்தது. நிலம் சமூகத்தின் பெயரில் இருந்ததே அதற்குக் காரணம் என்று கருதுகிறோம். கனடா கற்பித்த பாடத்தை அவர்கள் மறக்கவில்லை. இன்று பராகுவேயின் பாற்பொருள்களில் பெரும்பகுதி மென்னோனைட் கூட்டுறவுகளுடையது. 2003-இல் பதவியேற்ற அதிபர் நிக்கானோர் துவார்த்தேயின் அமைச்சரவையில் மென்னோனைட்டுகள் இடம்பெற்றனர். பிரமாணம் செய்யோம் என்று ஆற்றில் மூழ்கடிக்கப்பட்டவர்களின் வழிவந்தோர் அமைச்சர்களானார்கள்.

முதன்முதலாக இவ்வரலாற்றைப் படித்தபோது நாமும் இதை உழைப்பின் வெற்றிக் கதையாகவே வாசித்தோம். பாடம் சொல்லும்போதும் அப்படியே சொல்லியிருக்கிறோம். பிறகு எண்லெத் முதியோரின் வாய்மொழி நினைவுகளைத் தொகுத்தவர்களின் பணி பற்றி அறிய நேர்ந்தபின் அந்த வாசிப்பு நிற்கவில்லை. 1870-இல் முடிந்த பெரும்போரில் நொறுங்கிய பராகுவே அரசு, கடனடைக்கச் சாக்கோவை 1880-களில் விற்றது. கார்லோஸ் கசாடோ என்ற வணிகர் பல இலட்சம் ஹெக்டேர்களை வாங்கினார். அவரிடமிருந்து இடைத்தரகு நிறுவனம் வழியாக மென்னோனைட்டுகள் வாங்கினர். பத்திரங்கள் யாவும் முறையானவை. அந்நிலத்தில் வாழ்ந்தவர்களுக்கு அது விற்கப்பட்ட செய்தியே தெரியாது. போர்க்காலத்தில் பராகுவேச் சிப்பாய்களின் வன்முறையும் பெரியம்மையும் எண்லெத் மக்களைச் சூறையாடின. எஞ்சியவர்கள் பண்ணைகளில் கூலிக்கு நின்றனர். கீழ்ஜெர்மன் பேசக் கற்றனர், திருமறையை ஏற்றனர். மென்னோனைட்டுகள் அவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தார்கள், பள்ளியும் மருத்துவமும் தந்தார்கள். அதற்கெனத் தனி அமைப்பும் நடத்துகிறார்கள். அந்த உதவி பொய்யன்று. ஆனால் கூட்டுறவின் உறுப்பினர் யார், அதன் கூலியாள் யார் என்ற கோடும் பொய்யன்று. மோலோச்னாவில் நிலமில்லாத சகோதரனுக்கு வாக்கு இல்லை. சாக்கோவில் அந்த இடத்தில் வேறொருவன் நிற்கிறான். ஃபிலடெல்ஃபியா என்று பெயரிட்டார்கள் ஃபெர்ன்ஹைமின் தலைநகருக்கு. சகோதர அன்பு என்று பொருள்.

இன்னும் வடக்கே, வெளியுலகத் தொடர்பே வேண்டாமென்று காட்டுக்குள் வாழ்ந்த அயோரியோ மக்களின் ஒரு குழுவினர், பதினேழு பேர், 2004 மார்ச்சில் வெளியே வந்தனர். காடு சுருங்கிவிட்டது. அக்காட்டை அழித்தவர்கள் மென்னோனைட்டுகள் மட்டுமல்லர். பெரிய பண்ணை நிறுவனங்கள் பல நாடுகளிலிருந்தும் வந்தன. ஆயினும் சாக்கோவில் மேய்ச்சல் பணம் தரும் என்று செய்து காட்டியவர்கள் இவர்களே. உலகத்தைத் துறந்து தனித்து வாழக் காடு தேடி வந்தவர்களும், உலகம் வேண்டாமென்று காட்டுக்குள் ஒளிந்தவர்களும் ஒரே காட்டில் எதிர்ப்பட்டதை எந்த நாவலாசிரியனும் கற்பனை செய்திருக்க மாட்டான்.

நாவல் என்றதும், கனடிய மென்னோனைட் எழுத்தாளர் ரூடி வீபின் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1962-இல் வெளிவந்த அவருடைய முதல் நாவல் தம் சமூகத்தைப் புண்படுத்தியது என்று கிளம்பிய எதிர்ப்பில், சபைப் பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பை அவர் விட நேர்ந்தது. 1970-இல் வந்த 'சீனத்தின் நீலமலைகள்' நாவலில் ருஷ்யா, சீனம், பராகுவே, கனடா என்று இந்த அலைச்சல் முழுதையும் பல குரல்களில் எழுதினார். மெக்சிகோ இயக்குநர் கார்லோஸ் ரெய்காடாஸ் 2007-இல் சிவாவா மென்னோனைட்டுகளையே நடிக்கவைத்துக் கீழ்ஜெர்மன் மொழியில் எடுத்த திரைப்படமும் உண்டு. திரைப்படச் சங்கங்களில் கிடைத்தால் தவறவிட வேண்டாம்.

பொலிவியாவுக்குப் போன பழைமைப் பிரிவினரிடையே குடும்பத்துக்குப் பிள்ளைகள் அதிகம். நிலம் ஒரு தலைமுறைக்கு ஒருமுறை போதாமற்போகிறது. அங்கிருந்து தூதர்கள் பெருவின் உக்கயாலிக் காட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். 2017 வாக்கில் அங்கே ஊர்கள் எழத் தொடங்கின: ஒற்றைத் தெரு, இருமருங்கும் வீடு, நடுவில் பள்ளி. அனுமதியின்றிக் காடழித்ததாகப் பெருவின் அரசு வழக்குரைஞர்கள் விசாரணை தொடங்கியுள்ளனர். நிலத்தை முறைப்படி விலை கொடுத்தே வாங்கினோம், பத்திரம் இருக்கிறது என்று குடியேறியவர்கள் சொல்கிறார்கள்.